கடைசி மூட்டை

சிலே நாட்டுக் கப்பல்கள் பெருவின் கயாவோ துறைமுகத்தை முற்றுகையிட்டிருந்த வருடம், தோர்வால்ட் என்ற டென்மார்க்காரன் எங்களுக்கு உதவ வந்தான். சண்டை எங்கே நடந்தாலும் அங்கே போய் நிற்கிறவன். ஊர் அவனைக் கிரிங்கோ, அதாவது வெள்ளைக்காரன், என்று கூப்பிட்டது.

ஒரு படகின் அடியில் வெடிமருந்தை வைத்து, மேலே முட்டைக்கோஸ் மூட்டைகளையும் சீத்தாப்பழங்களையும் நிரப்பினான். கடைசி மூட்டையைத் தூக்கினால் வெடிக்கும். படகைக் கடலில் மிதக்கவிட்டான். எதிரிகள் அதை ஆசையோடு இழுத்துக்கொண்டார்கள். மாலையில் அவர்களுடைய கப்பல் ஆட்களோடு வெடித்து மூழ்கியதை ஊரே பார்த்தது.

மறுநாள் காலை அதே படகு எங்கள் படித்துறையில் கட்டிக் கிடந்தது. ஒரு பழம்கூடக் குறையவில்லை.

"யாரும் தொடாதீங்க," என்றான் தோர்வால்ட்.

"நேத்து வெடிச்சது இன்னிக்கு மறுபடியும் வெடிக்குமா?" என்றாள் என் அக்கா பெத்ரோனிலா. "பிள்ளைங்க குதிரைக்கு வைக்கிற தவிட்டைத் தின்னுதுங்க. நகரு கிரிங்கோ. வேணும்னா நீ பட்டினி கிட."

எல்லோரும் படகில் இறங்கினார்கள். அவனால் தடுக்க முடியவில்லை. கடைசியாக மிஞ்சிய மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"என்ன, அடைகாக்குறியா?" மடி நிறையப் பழத்தோடு கரையேறிய அக்கா சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்து, உடம்பைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடு, பெத்ரோனிலா," என்றான் மெதுவாக. "அடியிலேர்ந்து யாரோ தூக்குறாங்க."