பஸ்ஸின் முதலெழுத்து

அட்டையில் கரடி இருந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரைச் சொல்லப்போய் பேபி சார் அதைப் பேரிக்காய் ஆக்கினார்.

அடுத்த அட்டையில் தேனீக்கள். அவர் வாயில் அவை பட்டாணி ஆயின.

"இன்னொரு தடவை, சார்" என்றாள் சிவசங்கரி.

வந்த நாளிலிருந்து செய்வதுபோலவே கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவர் மறுபடியும் சொன்னார். மறுபடியும் பட்டாணி.

கண் சரியாகத்தான் பார்த்தது. சொல்லும் அவருக்குத் தெரியும். பக்கவாதத்தில் போன எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன. ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து மட்டும் வரவில்லை. உதடு மூடித் திறந்தால் அதன் இடத்தில் பதினாறாம் எழுத்து வந்து நின்றது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'ப'தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை.

அந்த வேறுபாட்டை வைத்தே பிழைத்தவர் பேபி சார். பள்ளியில் ஆங்கிலம். ஓய்வுபெற்ற பிறகு வீட்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் டியூஷன். ஜூன் பிறந்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அதற்குள் அந்த எழுத்து வந்தாக வேண்டும் என்றுதான் மகள் டின்சி மலைப்பாதையில் காரோட்டி அவரை இந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தாள். பேச்சுப் பயிற்சி தர இங்கே சிவசங்கரி ஒருத்திதான்.

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆறாம் வகுப்பில், எப்படி வந்தாய் என்று அவர் கேட்டபோது, ஏலப்பாறை தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பிள்ளை ஒன்று எழுந்து நின்றது. பஸ்ஸில் வந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னது. அது முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம். பஸ்ஸின் முதலெழுத்தில் மட்டும் கனம் போதவில்லை. அப்படிச் சொன்னால் ஆங்கிலத்தில் அது சீழ்.

"எடீ பாண்டி, சீழில் கேறியாணோ நீ வந்நது?" என்றார் சார். பாண்டி என்பது மலையாளிகள் தமிழர்களைக் கேலியாகச் சொல்வது.

வகுப்பு சிரித்தது. சார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்.

பத்தாம் வகுப்பு முடியும்வரை அவள் பெயர் பஸ்ஸு, அந்தக் கனம் போதாத 'ப'வோடு.

மழைக்குக் குடை கொண்டுவந்த அப்பாவின் காதிலும் அது விழுந்தது. திரும்பி நடக்கையில் கேட்டார்.

"பஸ்ஸுன்னு கூப்புடுறாகளே, நல்ல பேரா பாப்பா?"

"ஆமாப்பா. இங்கிலீஷு."

அவருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

இப்போது சிவசங்கரி பஸ் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பேபி சார் மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னார். சீழ்தான் வந்தது. அவர் காதுக்கே அது கேட்டது. தலையை ஆட்டினார். கண் கலங்கியது.

அவள் சிரிக்கவில்லை. "நல்லா வருது, சார்" என்றாள்.

டின்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அப்பச்சனுக்கு எல்லாம் செரியாயோ, மேடம்? ஜூன்ல கிளாஸ் தொடங்கணும்."

"சரியாயிருச்சு. தாராளமா தொடங்கட்டும். இனி இங்க வர வேண்டியதில்ல."

"ஆனா இப்பவும் பஸ்ஸுன்னு சொல்லும்போது..."

"எங்க லயத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

பேபி சார் நிமிர்ந்தார். அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தார். உதடு எதற்கோ மூடித் திறந்தது. டின்சி அவர் தோளைப் பிடித்து எழுப்பி, நன்றி சொல்லி, நடத்திக்கொண்டு போனாள்.

அடுத்து வந்தவள் சந்தனம். கொழுந்து பறிப்பவள். அவளுக்கும் பக்கவாதம், தம்பி என்று கூப்பிட வரவில்லை; அதிலும் அதே கனத்த எழுத்துதான். இன்றுதான் முதல் தடவை வருகிறாள்.

சிவசங்கரி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள். முதல் நாள் எல்லோருக்கும் செய்வதுபோல, சந்தனத்தின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி. உள்ள அதிருதா அத்த? இப்ப உங்க தொண்டையில வெச்சுக்கிட்டு சொல்லுங்க. இதத் தொட்டுப் பாக்காம அந்த எழுத்து யாருக்கும் திரும்பி வராது."