ஒளிப்பதிவு: மேர்வின்

கல்லடியில், வாவியைப் பார்த்த அறைக்குள் மத்தியான வெயில் சாய்ந்து விழுகிறது. மேசையிலிருக்கும் கறுப்புப் பெட்டியின் பச்சை விளக்குகள் விட்டுவிட்டு மின்னுவதை விதுர்ஷா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தோணிக்காரர்களோடு அலைந்து இரண்டு வருடமாக அவள் எடுத்த காட்சிகள் முழுவதும் அதற்குள்தான் இருக்கின்றன. கொழும்பிலிருந்து படத்தைத் தொகுக்கும் மேர்வினிடம் இருப்பவை இணையத்தில் அனுப்பச் சுருக்கிய, தெளிவில்லாத சின்னக் கொப்பிகள். வேலை முடிந்ததும்தான் அங்கிருந்தே இணையம் வழியாக இந்தப் பெட்டியைத் திறந்து, அவற்றின் இடத்தில் வைக்க ஒறிஜினல்களை இழுத்துக்கொள்வான். காலையில் அவன் அனுப்பிய முழுப்படத்தில் ஒளிப்பதிவுக்கும் அவன் பெயரே இருந்தது. அவளுடைய பெயர் நன்றி வரிசையில்கூட இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறக்க அவனுக்கிருந்த அனுமதியை மட்டும் நீக்கிவிட்டாள். இப்போது தொலைபேசி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்கிறது. மேர்வின் மூன்றாவது தடவை அழைக்கும்போதுதான் எடுக்கிறாள்.

“புள்ள, ஒறிஜினல் ஒண்டும் திறக்குதில்ல. ஆறு மணிக்குப் படம் போடணும். கெதியாப் பாருங்க கா.”

“பாத்தன். நான்தான் பூட்டினன்.”

அந்தப் பக்கம் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்கிறது.

“பேருக்கா? அது மறந்து போயிற்று. இண்டைக்குப் படம் முடியட்டும், மறுகா போடுவம்.”

“சின்னக் கொப்பி இருக்குதானே. அதையே போடுங்க.”

“பெரிய திரையில எல்லாம் மங்கலாத் தெரியும் கா!”

வெளியே ஒரு தோணி மெதுவாகத் திரும்புகிறது. அவள் குரல் உயரவே இல்லை.

“ஓம். தோணியும் மங்கல், வாவியும் மங்கல். நீங்க அங்க இருந்து எழுதின உங்கட பேர் மட்டும் நல்ல வடிவாத் தெரியும்.”