ஈபி போஸ்ட்

அந்த நெட்டைப் பையன் கூடைப்பந்து மைதானத்தின் ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நின்றதும் கேலரியே எழுந்துவிட்டது.

"ஈபி போஸ்ட்! ஈபி போஸ்ட்!"

ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் ஒரு கைதட்டல்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆட்ட நேரம் முடிந்துவிட்டது. கடைசி நொடியில் விழுந்த ஃபவுலுக்காக இரண்டு வாய்ப்புகள் மட்டும் பாக்கி. உள்ளூர்க் கல்லூரிக்கு இரண்டு பாயின்ட் குறைவு. இரண்டையும் போட்டால் ஆட்டம் தொடரும். ஒன்று தப்பினாலும் கோப்பை வெளியூர்க் கல்லூரிக்கு.

காலையில் பல் தேய்க்கும் முன்பே அமெரிக்க ஆட்டத்தைப் போனில் பார்த்துவிடுகிற ஆள் அவர். பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். கோடி கோடியாய்ச் சம்பளம் வாங்குகிறவனெல்லாம் இப்போது எட்ட நின்று எறிகிறானே தவிர, உள்ளே புகுந்து இடிபட்டு ஆட எவனுக்கும் துப்பில்லை என்பார். உள்ளூர்க் கல்லூரி ஆட்டத்தைப் பற்றி இன்னும் மோசமாகச் சொல்வார். உயரத்தை மட்டும் பார்த்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கொடுத்தால் வேறு எப்படி இருக்கும் என்பார்.

மருந்துக்கடையில் இதையெல்லாம் நின்று கேட்க யாருக்கும் பொழுதில்லை. கேலரியில் மாணவர்கள் சூழ்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். அண்ணே அண்ணே என்றார்கள்.

தானும் ஒரு காலத்தில் கல்லூரி டீமில் இருந்ததைச் சொல்லியிருக்கிறார். ஆட இறங்காமல் பெஞ்சிலேயே இருந்ததைச் சொன்னதில்லை.

போட்டியின் முதல் நாள். இந்தப் பையன் வளையத்துக்கு அடியில் கையைத் தூக்கியபடி நின்றான். யாரும் அவனுக்குப் பந்தைக் கொடுக்கவில்லை.

"இவன் போஸ்ட்ல ஆடலடா. ஈபி போஸ்ட்டாவே நிக்கிறான்" என்றார் அவர்.

வளையத்தடியில் ஆடுகிறவனுக்கும் போஸ்ட் என்றுதான் பெயர். தெருவில் நிற்கிற கரண்ட் கம்பத்துக்கும் அதே பெயர்தான். கேலரி விழுந்து விழுந்து சிரித்தது.

ஓரமாய் உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்த பையன், நிமிர்ந்து பார்த்தான். அவரைத்தான் பார்த்தான்.

அவர் இளித்தார்.

அரையிறுதிக்குள் அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படாமல் போய்விட்டது.

இப்போது கோட்டில் நின்று அவன் எறிந்த முதல் பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது.

இன்னும் ஒன்று.

முன்வரிசையில் இருந்த பெண் அப்போது அவர் பக்கம் திரும்பினார். தினமும் தனியாக வந்து உட்காருகிறவர். வேலையிலிருந்து நேராக வருவார் போல. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது.

"சார், எம் பையன் பேரு மதியழகன். அந்தப் பட்டப்பேரச் சொல்லிக் கத்த வேணாம்னு சொல்லுங்களேன். அவங்கப்பா லைன்மேன் சார். போஸ்ட்டுல ஏறினவருதான்…"

பின்னால் கத்துகிற மாணவர்களைக் காட்டினார்.

"பிள்ளைங்க உங்க பேச்சத்தான் கேக்குறாங்க."

அவர் கண் அட்டைக்குப் போனது. ஈபி ஆபீஸ் அட்டை. இறந்துபோன புருஷனின் இடத்தில் கொடுத்த வேலை. யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது. அந்தப் பெயரை நான்தான் வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சரிம்மா" என்றார்.

எழுந்தார். கேலரியைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"போதும்டா! நிறுத்துங்க!"

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அண்ணனே எறங்கிட்டாரு டோய்!" என்று மேல் படியில் ஒருவன் கூவினான்.

சத்தம் இரண்டு மடங்காயிற்று. அவர் கையை ஆட்ட ஆட்ட அதற்கேற்ப ஈபி போஸ்ட், ஈபி போஸ்ட். வேண்டாம் என்று கையை விரித்தார். அதற்கும் தட்டினார்கள். கையைக் கீழே போட்டார். அதற்கும் ஒரு தட்டு விழுந்தது.

கோட்டில் பந்தோடு நின்றவன் கேலரியை ஏறிட்டுப் பார்த்தான்.

கையாட்டி நிற்கிறவரைப் பார்த்தான்.

பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே விழுந்தது.

கேலரி சீக்கிரமே காலியானது. பையனைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அவர் மட்டும் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மா போகட்டும், அப்புறம் போகலாம் என்று நினைத்தார்.

அந்த அம்மா போகவில்லை. மகனுக்காகக் காத்திருந்தார்.

அவன் தோளில் டவலோடு படியேறி வந்தான். கண் சிவந்திருந்தது. தோற்றதைப் பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை. அவரைத்தான் காட்டினார்.

"இந்த சார்தான்டா கத்தாதீங்கன்னு எந்திரிச்சு நின்னாரு. பாவம், ஒருத்தனும் கேக்கல."

பையனிடம் முதல் நாள் பார்த்த அதே பார்வை. இப்போது இன்னும் கிட்டத்தில்.

பெயர் வைத்தது யாரென்று அம்மாவிடம் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தார். சொல்லிவிட்டால்கூட நல்லது என்றிருந்தது.

"பாத்தேம்மா" என்றான்.

பந்தின் அழுக்கு ஏறிய கையை டவலில் துடைத்தான். அவரிடம் நீட்டினான்.

அந்தக் கையைப் பிடிக்க அவர் எழுந்திருக்க வேண்டியிருந்தது.

எழுந்த பிறகும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.