ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது

"என்ன, பாதத்துலயே நின்னுட்டே? மேல ஏத்து. இன்னும் ஏத்து. ஆங்... குதிகால் திருப்பத்துல மெதுவா!"

கட்டிலில் சாய்ந்து, காலை மனைவியின் மடியில் நீட்டிக்கொண்டு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார் அத்தான். முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர். வீட்டிலும் அதே சீட்தான்.

அக்கா மூச்சு வாங்க அந்த இறுக்கமான காலுறையை இழுத்துக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு இதயம் பலவீனம். கால் இரண்டும் நீர் கோத்து வீங்கிவிடும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே இதை மாட்டிவிட வேண்டும், ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

அதில், வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மாட்டிவிடுவது யார்? நாலு மாதம் முன்னால் பக்கவாதம் வந்து, வலது கை இன்னும் சரியாக மடங்காத அக்கா!

அக்காவைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள், மூன்று நாளாக இந்தக் கூத்தைப் பார்க்கிறாள்.

"அத்தான், நான் மாட்டி விடறேன். ரெண்டே நிமிஷம்."

"வேண்டாம்மா. உங்க அக்கா மாட்டினாத்தான் கால் கால் மாதிரி இருக்கும்."

"பாத்திரம் கழுவுற ரப்பர் கிளவுஸையாவது போட்டுக்கட்டும். பிடி கிடைக்கும்."

"அதெல்லாம் எதுக்கு? கடவுள் குடுத்த பத்து விரல் இருக்கே!"

அந்தப் பத்தில் நாலு வேலைக்கே வருவதில்லை என்பது மனுஷருக்குத் தெரியாதா என்ன!

இரண்டு காலும் ஏறி முடிய இருபத்தைந்து நிமிஷம். அக்கா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா? பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்னாலிருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கேதான் நிம்மதியாகப் படிக்க முடியுமாம்.

தங்கை அக்காவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ரப்பர் பந்தை ஒரு உதை விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கு நீ என்கூட வரே. ஆறு மாசம் எங்க வீட்டுல இரு. ஒரு துரும்பை நகர்த்த விடமாட்டேன்."

"அவர் காலு?"

"அவரே மாட்டிக்கட்டும்!"

"ஐயோ, அவருக்கு வராதுடி. நான் போடலைன்னா போடாமலே சுத்துவார். வீங்கிப் போய் ஆஸ்பத்திரியில படுத்தா யார் பாக்கறது?"

"கையே வராதவளுக்கு அவர் கால் கவலை! பேசாம கிளம்பு."

அத்தானிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் செத்துவிட்டது. "ஆறு மாசமா?" என்று மட்டும் கேட்டார். சம்பளமில்லாத ஆள் போகிறாளே என்ற கவலை என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பெட்டி தயார். டாக்ஸிக்கும் சொல்லியாயிற்று. காலுறைப் படலம் முடிந்து, அத்தான் பேப்பரும் கையுமாக சாமான் அறைக்குள் போய்விட்டார்.

கிளம்பும் முன் பாத்திரத்தைக் கழுவி வைக்கலாம் என்று தங்கை ரப்பர் கிளவுஸைத் தேடினாள். காணோம். தினமும் இந்த நேரத்துக்குக் காணாமல் போய், அரை மணியில் தானாகத் திரும்பி வருகிற கிளவுஸ் அது.

வேறு ஜோடி இருக்குமோ என்று சாமான் அறைக் கதவைத் தள்ளினாள்.

முக்காலியில் உட்கார்ந்திருந்தார் அத்தான். இரண்டு கையிலும் மஞ்சள் ரப்பர் கிளவுஸ். அக்கா பாடுபட்டு மாட்டிய காலுறை தரையில் கிடந்தது. அதை எடுத்தார், குதிகாலைப் பொருத்தினார், நாலே இழுப்பு. முழங்கால் வரை ஏறி வழவழவென்று உட்கார்ந்துகொண்டது.

"அத்தான்! உங்களுக்கே மாட்ட வருமா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் திருதிருவென்று விழித்தார்.

"மெல்லப் பேசும்மா. அவ மாட்டினா மடிப்பு மடிப்பா நிக்குது. டாக்டர் கூடாதுன்னிருக்கார். அதான் சரி பண்ணிக்கறேன்."

"அப்புறம் எதுக்கு அவளைப் போட்டு அந்தப் பாடு படுத்தறீங்க?"

அத்தான் கிளவுஸைக் கழற்றினார்.

"சமையலறைக் கதவுக்கு முட்டா ஒரு பந்து இருக்கே, அது அவ கைப் பயிற்சிக்கு வந்தது. விரலை மடக்கணும், இழுக்கணும், இல்லைன்னா கை இப்படியே நின்னுடும்னு சொல்லிட்டாங்க. கெஞ்சினேன், திட்டினேன். 'பந்து விளையாடுற வயசா எனக்கு'ன்னு தூக்கிப் போட்டுட்டா. தனக்குன்னா அவ ஒரு விரலை அசைக்க மாட்டாம்மா. எனக்குன்னா..."

கழற்றிய கிளவுஸை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டினார்.

"ஆரம்பத்துல ஒரு கால் ஏறவே முக்கால் மணி நேரம். இன்னிக்கு ரெண்டும் இருபத்தஞ்சு நிமிஷம். போன வாரம் கட்டைவிரல் மடங்கிடுச்சு, பார்த்தியா? வண்டியை ஓட்டறது தான் மட்டும்தான்னு நம்பினாத்தான் கத்துக்கறவங்களுக்கு ஓட்ட வரும். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குன்னு நான் காட்டிக்கறதே இல்லை."

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது.

"ஏண்டி, கிளம்பலாமா?" என்று கூடத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அக்காவின் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பின்னாலேயே வந்து நின்ற அத்தானின் காலைக் குனிந்து பார்த்தாள். ஒரு மடிப்பு இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு அதட்டல் போட்டாள்.

"என்னக்கா மாட்டியிருக்கே? இடது கால்ல எவ்வளவு பெரிய சுருக்கம்! உட்காரு, கழட்டிட்டு மறுபடியும் மாட்டு. வெறுங்கையால!"