ஒரேயொரு திருத்தம்

"தம்பி, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்கோ," என்றாள் றஸ்மியா.

பிரசாந்தன் உற்சாகமாக மவுசை உருட்டினான். சுவரில் விழுந்த புரொஜெக்டர் வெளிச்சத்தில் வட்டக்கச்சி அப்புத்துரையின் முகம் பெரிதானது. நரைத்த மீசை, தோளில் சால்வை.

கிளிநொச்சியில் ஒரு ரியூசன் வகுப்புக் கொட்டிலில் மாதம் ஒருமுறை கூடும் பக்க வடிவமைப்பு மென்பொருள் பாவனையாளர் வட்டம் அது. பெயர்தான் பெரிது. வருவது பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் கலியாணக் கார்டும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் செய்து பிழைப்பவர்கள். ஆளுக்கொரு வேலையைச் சுவரில் காட்டவேண்டும், மற்றவர்கள் குறை பிடிக்கவேண்டும். குறை பிடிக்க நம்மவர்களுக்குப் பயிற்சியா தேவை?

இன்று பிரசாந்தனின் முறை. அவன் கொண்டுவந்தது அப்புத்துரையின் கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம்.

"பெரிசாக்கினதில படம் புள்ளி புள்ளியா உடையேல்லைத்தானே அக்கா?"

"இல்லை. வடிவா இருக்கு." றஸ்மியா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முப்பத்தொண்டு எப்ப?"

"நாளையிண்டைக்கு. இண்டைக்குப் பின்னேரம் அச்சுக்குக் குடுக்கோணும்."

"வாழ்க்கைக் குறிப்பையும் ஒருக்கா காட்டுங்கோ."

காட்டினான். எல்லோருடனும் அன்பாகப் பழகியவர், வந்தாரை வரவேற்றவர் என்று போயிற்று அது. வன்னியில் செத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். எல்லோரும் ஒரே ஃபைலில் இருந்து வந்தவர்கள். ஆனால் றஸ்மியா ஒவ்வொரு வரியாக, உதடு அசைய வாசித்தாள்.

அவள் முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். கணவன் ஜவ்பரோடு சேர்ந்து சின்னக் கடை ஒன்று நடத்துகிறாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள், இன்று எழுந்து சுவருக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டாள்.

"இதில ஒரு பிழை இருக்கு."

விரல் வைத்துக் காட்டினாள். 'சுகிர்தன் (சுவிஸ்), காலஞ்சென்ற தாட்சாயினி, கஜனி (கனடா) ஆகியோரின் பாசமிகு தந்தை' என்றிருந்தது.

"காலஞ்சென்ற எண்டதை எடுங்கோ. அந்தப் பிள்ளை உயிரோட இருக்கிறா."

கொட்டில் சிரிப்பில் அதிர்ந்தது.

"பழைய ஃபைலுக்கு மேலயே அடிச்சிருப்பான்!" என்றார் வட்டத்தின் தலைவர் தில்லைநாதன். "போன வருசம் பிள்ளை பெரிசான சாமத்திய வீட்டுக் கார்டில ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம் எண்டு விட்டவன்தானே இவன்!"

அது அங்கிருந்த எல்லோருக்கும் நேர்ந்ததுதான். புது வேலை வந்தால் பழைய வேலையைத் திறந்து, பெயர்களை மாற்றி, வேறு பெயரில் சேமிப்பார்கள். ஒரு சொல் கண்ணுக்குத் தப்பினால் உயிரோடிருப்பவன் செத்துப்போவான்.

பிரசாந்தனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சத்தியமா இல்லை அண்ணை. மகன் சுவிசிலயிருந்து வட்ஸ்அப்பில அனுப்பினதை அப்படியே எடுத்தனான். ப்ரூஃப் பாத்து ஓகேயும் சொல்லிட்டார்."

"அப்ப கதை முடிஞ்சுது," என்றார் தில்லைநாதன். "கஸ்டமர் ஓகே சொன்னதில நாங்கள் ஒரு எழுத்து, ஒரு குத்துக்கூட மாத்தக்கூடாது. பிள்ளை, உங்களுக்கு அந்த ஆளைத் தெரியுமே?"

"தெரியும் ஐயா. முல்லைத்தீவுப் பக்கம்தான் இருக்கிறா."

"அப்ப அவாவையே வந்து சொல்லச் சொல்லுங்கோ. நீங்கள் முஸ்லிம் பிள்ளை, எங்கட ஆக்களின்ர செத்த வீட்டு விசயம் உங்களுக்கு விளங்காது. சும்மா தலையைக் குடுக்காதேங்கோ."

"ஒரு சொல்லுத்தானே ஐயா. எடுத்தா ஒருத்தருக்கும் நட்டமில்லை. விட்டா, ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு அவா செத்ததாக் கிடக்கும்."

முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். பிரசாந்தனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ராப்பகலாகக் கண் முழித்துச் செய்த வேலை. நல்லாயிருக்கு என்று நாலு பேர் சொல்வார்கள் என்று ஆசையோடு வந்தால், இந்த அக்கா மானத்தை வாங்குகிறாளே.

"சரி அக்கா, அவரிட்டையே கேப்பம்." சுவிசுக்கு அழைப்பெடுத்து, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டான்.

"சுகிர்தன் அண்ணை, தங்கச்சியின்ர பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு வருது. சரிதானே?"

"சரிதான் தம்பி. அவள் கடைசிச் சண்டைக்குள்ள ஷெல் பட்டுச் செத்தவள். அப்பா சாகுமட்டும் வருசா வருசம் அவளுக்குத் திவசம் செய்தவர். பாவம் மனுசன், அவளை நினைச்சு நினைச்சே உருக்குலைஞ்சு போனார்."

தில்லைநாதன் றஸ்மியாவைக் கோபமாகப் பார்த்தார்.

"கேட்டியளே பிள்ளை? துக்கத்தில இருக்கிற மனுசனிட்டைக் கேக்கிற கேள்வியே இது? மன்னிப்புக் கேளுங்கோ."

றஸ்மியா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணா, நான் தாட்சாயினி. சண்டை முடிஞ்சு, ஜவ்பரைக் கலியாணம் கட்டி, மதமும் பேரும் மாறிப்போட்டு, உங்களுக்குத்தானே முதல் போன் எடுத்தனான்? அப்பா இனி என்ர முகத்தில முழிக்கமாட்டாராம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பதினாலு வருசமா அதை நம்பி வீட்டுப் பக்கம் வராமல் இருந்தனான். அப்பா செத்ததே இப்ப இந்தச் சுவரில பாத்துத்தான் தெரியும்."

சுகிர்தன் அழைப்பைத் துண்டித்தான்.

ஒரு நிமிடம் கழித்துப் பிரசாந்தனின் போனில் ஒரு செய்தி வந்தது: 'திருத்தம் ஒண்டும் இல்லைத் தம்பி. அப்படியே அடியுங்கோ.'