உப்பில்லாத உருண்டைகள்

கிழங்கு வெந்துவிட்டதா என்று மூன்றாவது முறையாகக் குத்திப் பார்த்தாள்.

கத்தி இறங்கியது.

தோலை உரித்தாள். விரல் சுட்டது. ஆறும்வரை பொறுக்க நேரமில்லை. ஐந்து மணிக்கு டாக்டர் வருவார். அதற்குள் லிண்டா எதையாவது சாப்பிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசியும் குழாயும்தான் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரண்டு. ஒரு முட்டை. பொடித்த ஓட்ஸ். வேகவைத்து உதிர்த்த கோழி கொஞ்சம். உப்பு வேண்டாம். வெங்காயம் கூடவே கூடாது. டாக்டர் சொன்னதையெல்லாம் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள். பிசையப் பிசைய எழுத்து அழிந்தது. மறந்துவிடுமோ என்று பயந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிசைந்தாள்.

நெல்லிக்காய் அளவு உருட்டினாள். இட்லித் தட்டில் அடுக்கி ஆவியில் வைத்தாள்.

வெந்ததும் ஒன்றைத் தன் வாயில் போட்டுப் பார்த்தாள். பல்லே வேண்டாம். நாக்கால் அழுத்தினால் கரைந்தது.

லிண்டாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கி ஐந்து நாள் ஆகிறது.

போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவுக்கு அவள் வந்து ஒன்பது நாள். லிண்டாவைப் பழக்கிய ஏட்டு ஞானதிரவியத்திடம் வேலை கற்றுக்கொள்ள வந்தாள். நான்கு நாள் கற்றுக்கொண்டாள். ஐந்தாம் நாள், பல் பிடுங்கிய லிண்டாவைக் கூண்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போன அவருடைய பைக்கை லாரி இடித்தது.

அவர் இன்னும் கண் திறக்கவில்லை.

லிண்டா அன்றிலிருந்து தண்ணீர் மட்டும் குடிக்கிறது.

தட்டோடு கூண்டுக்குள் போனாள். லிண்டா எழுந்தது. மூக்கு துடித்தது. வால் ஒரு முறை அசைந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது.

உள்ளங்கையில் ஒரு உருண்டையை வைத்து நீட்டினாள்.

லிண்டா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

பசி இல்லாமல் இல்லை. பழக்கிய விதம் அப்படி. யார் எதைக் கொடுத்தாலும் தொடக் கூடாது. விஷம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழக்கியவர் ஒரு வார்த்தை சொல்வார். அதைக் கேட்டால்தான் வாய் திறக்கும். அந்த வார்த்தையை அவர் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்று, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டே ஊட்டினார்.

“சாப்பிடு” என்றாள்.

“எடு.” “ஈட்.” “டேக்.”

அதட்டினாள். பிறகு கெஞ்சினாள். லிண்டாவின் விலா எலும்புகள் ஏறி இறங்கின.

மணி நாலேகால்.

ஏட்டையாவின் மனைவியின் நம்பரை இரண்டு நாளாக எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் நாயைப் பற்றி எப்படிக் கேட்பது?

இப்போது அழுத்தினாள்.

“ரூபியக்கா, நாய்ப் பிரிவு கான்ஸ்டபிள் பேசுறேன். ஏட்டையா எப்படி இருக்காரு?”

“அப்படியேதாம்மா இருக்காவ.”

“லிண்டா சாப்பிட மாட்டேங்குதுக்கா. அஞ்சு நாளாச்சு. ஏட்டையா அதுக்கு ஒரு வார்த்தை சொல்வாராமே... உங்களுக்குத் தெரியுமா?”

அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது.

“தெரியும். எங்க குவார்ட்டர்ஸ் அடுக்களை ஜன்னலுக்கு நேரேதானே கூண்டு. தெனமும் காதுல விழும்.”

“சொல்லுங்கக்கா.”

“யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காவ.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அதுக்காக மட்டும் இல்ல. இன்னொருத்தர் சொல்லி அது சாப்பிட்டுட்டா, அவிய இனிமே வரவே மாட்டாவன்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிரும்லா.”

அவள் லிண்டாவைப் பார்த்தாள். அதன் காலடியில் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது.

“அக்கா, எச்சி ஒழுகுது. தட்டு பக்கத்துலதான் இருக்கு. தொட மாட்டேங்குது. ஏட்டையா சொன்னத இன்னும் கேட்டுக்கிட்டு நிக்குதுக்கா.”

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இலை போட்டாச்சு.”

“என்னக்கா?”

“அதான் வார்த்தை. ‘இலை போட்டாச்சு’ம்பாவ. அதட்டாத. விருந்தாளியக் கூப்பிடுத மாதிரி சொல்லணும்.”

அவள் மண்டி போட்டு உட்கார்ந்தாள். போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“இலை போட்டாச்சு.”

லிண்டாவின் காதுகள் நிமிர்ந்தன. அவளைப் பார்த்தது. அவளைத் தாண்டி, வாசல் கேட்டைப் பார்த்தது.

வெகுநேரம் பார்த்தது.

பிறகு தலை தாழ்ந்தது. உள்ளங்கையில் சூடான மூச்சு. ஈரமான நாக்கு.

உருண்டை இல்லை.

அவள் அவசரமாக அடுத்ததை வைத்தாள். அடுத்தது. இரண்டிரண்டாக வைத்தாள்.

“சாப்பிடுதா?”

“சாப்பிடுதுக்கா.”

“சத்தம் கேக்கு.”

லிண்டா நாக்கைச் சப்புக் கொட்டியது.

“ஏம்மா, போனை அது வாய்கிட்ட வையி. கட் பண்ணிராத. நான் சிஸ்டர்ட்ட கேட்டுட்டு உள்ள போறேன். அவிய காதுல வைக்கேன்.”

அவள் போனை லிண்டாவின் வாயருகே நகர்த்தினாள். அதில் செருப்பைக் கழற்றும் சத்தம். யாரிடமோ கெஞ்சும் குரல். ஒரு கதவு திறந்து மூடியது.

பிறகு ஒரு மெஷினின் சத்தம் மட்டும். விட்டு விட்டு.

அவள் தட்டைப் பார்த்தாள். நான்குதான் மிச்சம். அது தீர்ந்தால் சத்தமும் நின்றுவிடும்.

கையில் இருந்த உருண்டையைப் பாதியாகக் கிள்ளினாள். அந்தப் பாதியை இன்னும் பாதியாக.