இன்வெர்ட்டரை எங்கே வைப்பது?

படுக்கைக்கு அடியில் இன்வெர்ட்டரை வைக்கிறவனுக்கு மூளை முழங்காலில் இருக்கிறது என்று முன்னாள் பிரின்ஸ்பால் கிளிஃபர்ட் அறிவித்தார்.

அங்கே வைக்கிறேன் என்று எலக்ட்ரீஷியன் செம்பியன் சொல்லவே இல்லை.

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற கேரவன் அது. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் பொருத்தியாயிற்று. இன்வெர்ட்டர்தான் பாக்கி.

பாட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் அதே பெட்டிக்குள் கூடாது. காற்று போய்வர வேண்டும். சிங்க் தண்ணீர் தெறிக்கக் கூடாது. கிளிஃபர்ட் சொன்னதெல்லாம் சரிதான். சொல்லி முடிப்பதற்குள் செம்பியனின் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. சர்ச்சின் பங்குத் திருவிழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்துகிறேன் என்று மைக்கைப் பிடித்து, அவரைப் பேசவிடாமலே வழியனுப்பி வைத்த பெருமை சாருக்கு உண்டு.

செம்பியனுக்குப் புதிராக இருந்தது அவர் மனைவி மர்சலின்தான்.

கோவா வரை இரண்டு மாதச் சுற்றுப்பயணம். நாளெல்லாம் குறித்தாகிவிட்டது. நீ வரவில்லை என்றால் கேரவனை வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன் என்றுகூட கிளிஃபர்ட் சொல்லிப் பார்த்துவிட்டார். அந்தம்மா மட்டும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அடையாற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கூடவே வருவார், கட்டிலில் சற்று உட்கார்ந்து பார்ப்பார், இறங்கிவிடுவார்.

யாருக்கோ போனில் இன்வெர்ட்டரைப் பற்றி விளக்க கிளிஃபர்ட் வெளியே போனார்.

"ஏம்ப்பா, இதோட சுவிட்சை மட்டும் தனியா ஒயர் இழுத்து என் தலகாணிகிட்ட வைக்க முடியுமா? சார் கண்ணுல படக்கூடாது."

"வெச்சிரலாம் மேடம். இன்னாத்துக்கு?"

அந்தம்மா சிரித்தார்.

ஒயர் இழுக்கும்போதெல்லாம் செம்பியனுக்கு அதே யோசனை. ஷாக் அடிக்கும் என்று பயமா? பாட்டரியை மிச்சம் பிடிக்கிறாரா? அதை ஏன் கட்டின புருஷனிடம் மறைக்க வேண்டும்?

இன்வெர்ட்டர், சார் சுட்டிக்காட்டிய, கேரவனின் முன்பக்க பெஞ்சு சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்தது. சோதித்துப் பார்க்க அவர் திரைகளை இழுத்து மூடினார். முகத்துக்கு நேராக இரண்டு விளக்கு, மைக், வைஃபை பெட்டி. பயணம் முழுக்க, தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம், உலகத்தோடு நேரலையில் பேசப்போகிறாராம். இன்றைக்கு ஒத்திகை.

உலகத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அவருடைய தம்பி ஷெல்டன்.

மர்சலின் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஆதிமனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்ததில் ஆரம்பித்த கிளிஃபர்ட், மாட்டுவண்டி வரைக்கும் வந்திருப்பார். பொட்டென்று விளக்கு அணைந்தது. மைக் ஊமையானது. ஷெல்டன் உட்பட உலகம் கலைந்துபோனது.

இருட்டிலேயே கிளிஃபர்ட் காரணங்களை அடுக்கத் தொடங்கினார். காற்றோட்டம் போதாது. சூடு ஏறிவிட்டது. அவர் அப்போதே சொன்னார்.

செம்பியன் சீட்டைத் தூக்கி இன்வெர்ட்டரைத் தொட்டுப் பார்த்தான். சூடே இல்லை.

திரை இடுக்கில் வந்த கொஞ்சம் வெளிச்சத்தில், மர்சலின் தலையணைக்கு அடியிலிருந்து நிதானமாகக் கையை எடுப்பது தெரிந்தது.

"சரிங்க," என்றார். "நானும் வரேன்."